கணக்கில் சேராத என் அண்ணன்

1

இதை எழுத உட்கார்ந்த பிறகும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. இன்று மத்தியானம் வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் நான் சத்தம் போட்டுப் பேசிவிட்டேன். மெல்பர்னுக்கு வந்து இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. எஸ்தர் என்றால் சிரிப்பாள், தலையாட்டுவாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பெருந்தொற்று முடிந்து வருஷங்கள் ஆகியும் எங்கள் மேசையில் அந்தப் பேச்சு முடியவில்லை. இன்றைக்கு ஆரம்பித்தவர் சமையல்காரர். அந்த நோயில் செத்தவர்கள் என்று சொன்னதில் பாதி பொய், வயசானவர்கள் எப்படியும் போகவேண்டியவர்கள்தானே, அதற்கு ஊரையே பூட்டிவைத்தார்கள் என்றார். ஒரு நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் கட்டடத்தில் எத்தனை பேரைத் துணியால் மூடி அனுப்பினோம் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. இந்த ஊரில் அப்போது தெருவில் இறங்கிச் சண்டை போட்டார்கள். இப்போது சோற்றுத் தட்டுக்கு முன்னால் சண்டை போடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் சிதறிப்போகும். அதனால்தான் எப்போதும் வாய் திறப்பதில்லை. இன்று கையால் மேசையை ஓங்கித் தட்டி, "மதி" என்றேன். போதும் என்பதற்கு மலையாளம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எங்களை அடக்கிய சொல், எங்கிருந்தோ வந்து நின்றது. இரண்டு பேரும் அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

பிறகு என் அண்ணனின் கதையைச் சொன்னேன். சாப்பாட்டு நேரம் முடிந்து மணியடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள் உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.

2

எங்கள் ஊர் சின்னக்கானல், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து இடுக்கி மலையில். அம்மாவும் அப்பாவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தேயிலைக்கு வந்தவர்கள். லயத்து வீட்டில் நானும் அண்ணன் தங்கராஜும் வளர்ந்தோம். எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளைத்தான் லயம் என்போம். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் 'ஆண்டவரே' என்பார்கள். அண்ணன் கொழுந்துப் பக்கம் போகவில்லை. கடன் வாங்கி ஒரு ஜீப் எடுத்தான். விடியலில் கீழே தமிழ்நாட்டுப் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வருவான். வெளியூர்க்காரர்களைக் கொழுக்குமலைக்குச் சூரியோதயம் பார்க்கக் கூட்டிப்போவான். ஏறுகிறவர்களிடம் எதைப் பற்றியாவது விவாதம் பண்ணாமல் அவனால் வண்டி ஓட்ட முடியாது.

ஊரடங்கு வந்ததும் போடிமெட்டுச் சோதனைச்சாவடியை மூடினார்கள். கேரளமும் தமிழ்நாடும் எங்களுக்கு எப்போதும் ஒரே ரோடு. பெண் எடுப்பது அங்கே, காய்கறி வாங்குவது அங்கே, பல்லுக்கு வைத்தியம் அங்கே. திடீரென்று அந்த ரோட்டில் ஒரு கம்பு விழுந்தது. அண்ணனின் ஜீப் வாசலில் நின்று பாசி பிடித்தது.

எனக்குப் போன் போட்டுக் கத்துவான். "எஸ்தரு, டிவில தெனமும் சாயந்தரம் நம்பர் வாசிக்காங்க. நம்ம எஸ்டேட்ல ஒருத்தராவது செத்தாங்களா சொல்லு. எல்லாம் ரோட்ட அடைக்கதுக்குச் சொல்லுத கத."

நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, உடுப்பை வாசலிலேயே கழற்றி வெந்நீரில் போட்டிருப்பேன். முந்தின நாள் தலைவாரிவிட்ட கிழவி மறுநாள் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். நானும் கத்துவேன். கடைசியில் அவன், "ஒன் ஊர் கத வேற, எங்க கத வேற" என்று வைத்துவிடுவான்.

வீட்டுக்குள்ளும் இதே சண்டைதான். என் கணவர் எட்வின் அப்போது ஓர் ஓட்டலில் சமையல் வேலை பார்த்தார். ஓட்டலை மூடிவிட்டார்கள். கையைப் பிசைந்துகொண்டு வீட்டில் கிடந்த மனிதருக்கு என் அண்ணன் சொல்வதெல்லாம் வேதவாக்காகத் தெரிந்தது. ஊரடங்கை எதிர்த்து நகரத்தில் நடந்த ஊர்வலத்துக்கு ஒரு நாள் கிளம்பியும் விட்டார். நான் கதவில் குறுக்கே நின்றேன். எங்கள் மகள் ரேச்சல் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கணினியில் பள்ளிக்கூடம் படித்தாள். ஒரே வீட்டில் மூன்று நாடு.

3

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் இல்லத்தில் இறந்த ஒரு மூதாட்டியின் மகன், அம்மாவின் இறப்புச் சான்றிதழிலிருந்து அந்த நோயின் பெயரை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் போராடினார். என் அம்மா நோயோடு இறந்தாள், நோயால் இறக்கவில்லை என்பது அவர் வாதம். அழுதுகொண்டேதான் வாதாடினார். அம்மாவை வைத்துக் கணக்கைப் பெருக்குகிறார்கள் என்று அவருக்குத் தீராத ஆத்திரம். அவரைப் பார்த்து எனக்கு எரிச்சலாக இருந்தது. அதே சொல்லைச் சேர்க்கச் சொல்லி எங்கள் வீட்டில் ஒருத்தி போராடுவாள் என்று அப்போது தெரியாது.

இரண்டாவது அலையில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. மதினி பாக்கியம் டெஸ்ட் எடுக்கக் கூப்பிட்டாள். அவன் வரவில்லை. லயத்தில் ஒருவருக்கு உறுதியானால் வரிசை முழுவதையும் கயிறு கட்டி அடைத்துவிடுவார்கள். யாரும் கொழுந்து எடுக்கப் போக முடியாது. அன்றன்றைய கூலி அன்றன்று போய்விடும். "என் ஒருத்தனுக்காக ஊரயே பட்டினி போடணுமா" என்றானாம். கஷாயம் குடித்துப் படுத்துக்கொண்டான். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றி, கிட்டத்தில் இருப்பது என்று கீழே தேனிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது பேச்சு போயிருந்தது. அதற்கு மறுநாள் உயிரும் போனது.

சான்றிதழில் நிமோனியா என்று எழுதினார்கள். ஸ்கேன் மட்டுந்தான் எடுத்திருக்கிறது, டெஸ்ட் முடிவு எதுவும் கையில் இல்லாததால் அப்படித்தான் எழுத முடியும் என்றார்களாம். அன்றைக்கு அந்தச் சொல் மதினிக்கு வரமாகத் தெரிந்தது. அந்தச் சொல்லால்தான் சோதனைச்சாவடியைத் தாண்டி உடலை மேலே கொண்டுவர முடிந்தது, பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடிந்தது, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வைக்க முடிந்தது.

நான் போக முடியவில்லை. இந்த நாட்டிலிருந்து வெளியே போகவே அப்போது அனுமதி வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் நெருங்கிய உறவா என்று கேட்டு ஒரு பதில் வந்தது. ஆதாரம் அனுப்பினேன். எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் அப்பாவின் பெயர் ஒன்றில் ஆசீர்வாதம், மற்றதில் ஆசிர்வாதன். அதற்கு விளக்கம் கேட்டு இன்னொரு பதில் வந்தது. அதற்குள் அடக்கம் முடிந்து, ஜெபக்கூட்டமும் முடிந்துவிட்டது.

அன்று நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோது ரேச்சல் வந்தாள். தமிழில் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, பாவம். "மாமா பாஸ் ஆயிட்டாராம்மா?" என்று கேட்டாள். இறந்ததை இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்கள். தமிழில் அது பரீட்சை எழுதிய பிள்ளையைக் கேட்பது போல இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எட்வின்தான் அவளை அணைத்துக்கொண்டு, இறந்துட்டார்னு சொல்லணும் கண்ணு என்று சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஊர்வலம் பற்றிப் பேசவில்லை. கருத்து மாறியதா என்று நானும் கேட்கவில்லை.

4

ஆறு மாதம் கழித்து ஊரில் வேறொரு பேச்சு கிளம்பியது. தங்கராஜ் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தான் என்று. அண்ணன் குடித்தவன்தான். மகள் பிறந்த வருஷம் விட்டான், அதன்பிறகு தொட்டதில்லை. ஆனால் லயத்தில் யாருக்கும் அந்த நோய் வரவில்லை என்று சாதிக்க வேண்டுமானால், அவன் சாவுக்கு வேறு காரணம் வேண்டுமே. அந்தக் காரணத்தை அவன் மகள் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்தாள்.

அன்றுதான் மதினி முடிவு பண்ணினாள். அப்போது மாநிலம் முழுவதும் சாவுக் கணக்கைப் பற்றித்தான் வாக்குவாதம். குறைத்துச் சொல்கிறார்கள் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. விடுபட்டவர்கள் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம், மாவட்டக் குழு பார்க்கும் என்று கடைசியில் அறிவித்தார்கள்.

மதினி இடுக்கியில் மனுக் கொடுத்தாள். சாவு நடந்தது தமிழ்நாட்டில், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனாள். விலாசம் கேரளம், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துச் சொன்னது ஒன்றுதான்: டெஸ்ட் முடிவு இல்லை. அவளுக்கு மலையாளம் பேச வரும், எழுத்து வராது. மனுவுக்கு 'அபேக்ஷை' என்று சொல்ல வேண்டும் என்பதைக்கூட இரண்டாவது தடவைதான் தெரிந்துகொண்டாள். தினமும் கொழுந்து எடுக்கிற கை. லீவு போட்டால் கூலி இல்லை. ஆனாலும் விடவில்லை.

நான் போனில், போதும் மதினி, அவன் எங்கே இருக்கிறான் என்று ஆண்டவருக்குத் தெரியும் என்றேன்.

"ஆண்டவருக்குத் தெரிஞ்சி என்ன செய்ய எஸ்தரு" என்றாள். "பள்ளிக்கூடத்துல தெரியணும்லா."

5

கிராமசபை கூடுகிற நாள் வந்தது. மதினியின் தங்கை போனில் படம் பிடித்துக் காட்டுகிறேன் என்றாள். இங்கே சாயங்காலம். நானும் எட்வினும் சமையலறை மேசையில் போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கூப்பிடாமலே ரேச்சலும் வந்து பின்னால் நின்றாள்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். பஞ்சாயத்து மெம்பர் மலையாளத்தில் அறிக்கை வாசித்தார். வார்டில் நோயால் இறந்தவர்கள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு எண்ணைச் சொன்னார். நம் ஒற்றுமையால்தான் இவ்வளவு குறைவு என்றார். கைதட்டினார்கள்.

மதினி எழுந்தாள். மலையாளம் பேச வேண்டும் என்று பயிற்சி எடுத்திருந்தவள், தமிழில் ஆரம்பித்தாள். "சார், நீங்க வாசிச்ச கணக்குல எங்க வீட்டுக்காரக இல்ல."

உடனே ரகளை. நிவாரணப் பணத்துக்கு ஆசைப்படுகிறாள் என்று ஒருவர் சொன்னார். வீட்டில் அறை வாடகைக்கு விடுகிற ஒருவர் எழுந்து, இப்போதுதான் நாலு சுற்றுலாக்காரன் வருகிறான், இந்த நம்பரை ஏற்றிக் காட்டினால் மறுபடியும் அடைப்பார்கள், யாருக்குச் சோறு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அடைத்த நாட்களில் அவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. என் அண்ணன் உயிரோடு இருந்தால் அவர் பக்கம் நின்று அவரைவிடச் சத்தமாகப் பேசியிருப்பான்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஓர் இளம் மலையாளிப் பெண். அவர் எழுந்து கூட்டத்தை அமர்த்தினார். சேச்சி சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனால் குழுவின் முன் வைக்க ஏதாவது வேண்டும் என்றார். டெஸ்ட் இல்லாவிட்டாலும், நோய் உறுதியான ஒருவரோடு அவர் நெருங்கிப் பழகியிருந்தார் என்று நிரூபித்தால், ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்படி யாராவது உண்டா என்று கேட்டார்.

லயத்தில் யாருக்கும் வரவில்லை என்பதுதானே ஊர் பேச்சு. எல்லாரும் மதினியைப் பார்த்தார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லுங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது பின்வரிசையில் ஞானதாஸ் அண்ணாச்சி எழுந்தார். எங்கள் பக்கத்து வீடு. சர்ச்சில் கணீரென்று பாடுகிறவர். அன்று குரலே வரவில்லை. கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. மதினியின் தங்கை போனைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கம் ஓடினாள். எங்கள் மேசையில் படம் குலுங்கியது. எட்வின் எழுந்தே விட்டார்.

"எனக்கு வந்துச்சு" என்றார் அண்ணாச்சி. "போடில டெஸ்ட் எடுத்தேன். இருக்குன்னு வந்துச்சு. சீட்டு இன்னும் எங்கிட்டத்தான் இருக்கு."

மண்டபம் அடங்கியது. அவர் சொல்லிக்கொண்டே போனார். தம்பி வீட்டுக்குப் போடிக்குப் போயிருந்தபோது ரோட்டை மறுபடி அடைத்துவிட்டார்கள். மனைவி இங்கே காலொடிந்து தனியாகக் கிடந்தாள். ஏறி வர, நோய் இல்லை என்று சீட்டு வேண்டும். டெஸ்ட் எடுத்தால் இருக்கிறது என்று வந்துவிட்டது. தங்கராஜ் இந்தத் தடவை காய்கறி ஏற்றப் பாஸ் வாங்கியிருந்தான். அவனுக்குப் போன் போட்டார். ஜீப்பில் முட்டைக்கோசு மூட்டைகளுக்குப் பின்னால் இவரைப் படுக்கவைத்துச் சோதனைச்சாவடியைத் தாண்டினான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

"எனக்கு இருக்குப்பா, தூர நின்னுக்கன்னு சொன்னேன். சிரிச்சான். அதெல்லாம் டிவில சொல்லுத கத அண்ணாச்சின்னான். அவனுக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சதும் நாந்தான் போயி, டெஸ்ட் எடுக்காத, என்னையும் பிடிச்சிருவாங்க, லயத்தையும் அடைச்சிருவாங்கன்னு கையப் பிடிச்சேன். அவன் என்னக் காட்டிக்குடுக்கல."

மண்டபத்தில் ஒரே இரைச்சல். நீதான் ஊருக்குள் கொண்டுவந்தாயா என்று ஒருவர் கத்தினார். போலீஸ் கேஸாகும், யோசித்துப் பேசும் என்றார் மெம்பர். அண்ணாச்சி உட்காரவில்லை. "ஆவட்டும் சார். எழுதிக்கிடுங்க."

ரேச்சல் என் தோளைப் பிடித்து உலுக்கி, அவர் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டாள். எட்வின் சொன்னார், ஒவ்வொரு வரியாக. சொல்லிக்கொண்டே வந்தவர் முட்டைக்கோசு மூட்டையில் குரல் உடைந்து நிறுத்திவிட்டார். என் மகள் தன் தாய்மாமனைப் பற்றி அவ்வளவு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

போனில் மதினியின் முகம் வந்தது. அவளுக்கும் இது புதிது. அண்ணாச்சியை வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். டாக்டர் பக்கம் திரும்பி, "எழுதுங்கம்மா" என்றாள். அப்புறந்தான் உட்கார்ந்தாள்.

பின்னாலேயே ஒரு பெண் எழுந்தாள். தன் மாமியாருக்கும் அப்படித்தான் மூச்சு முட்டியது என்றாள். இன்னொருவர் எழுந்தார். அதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்து படம் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் அப்படிப் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது.

6

குழு ஏற்றுக்கொண்டது. செய்தி வந்தபோது நான் டிராமில் இருந்தேன். ஐயோ என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் பயந்து எழுந்து, உதவி வேண்டுமா என்று கேட்டாள். மதினி குரலில் ஒரு கேலி இருந்தது. "கதன்னு சொன்னாகல்லா. இப்ப அந்த நம்பருக்குள்ளயே போயி உக்காந்துக்கிட்டாக." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு ரொம்ப நேரம் அழுதாள். மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

இதையெல்லாம் இன்று மேசையில் சொல்லி முடித்தபோது நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சமையல்காரர் தன் வாதத்தை விட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மூட்டைக்குப் பின்னால் படுத்து வந்த அந்த மனிதர் என்ன ஆனார்?

நல்ல கேள்வி. கேஸ் எதுவும் வரவில்லை. ஆனால் கேஸே தேவலாம் என்கிற மாதிரி ஊர் அவரை நடத்தியது. டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றது. எங்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கிராமசபைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி போய் உட்கார்ந்த பெஞ்சில் அவரைத் தவிர யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து பின்னால் போனார்கள். முதல் பாட்டு தொடங்கியது, அவர் பாடவில்லை. அப்போது மதினி தாமதமாக உள்ளே வந்தாள். பெண்கள் பக்கம் போகாமல், நடுவில் இருக்கிற பாதையில் நேராக நடந்து, ஆண்கள் பக்கம் திரும்பி, அவர் பெஞ்சில் உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அவருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் பிடித்தாள். பாடகர் குழுவே ஒரு வரியைத் தவறவிட்டதாம்.

மதினி எனக்கு இதைச் சொல்லவில்லை. விமானம் விட ஆரம்பித்த பிறகு நான் ஊருக்குப் போனபோது ஊரே சொன்னது. அன்று மத்தியானம் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. எப்படி மதினி மனசு வந்தது, அவர் வண்டியில் ஏறியதால்தானே அண்ணன் போனான் என்று கேட்டேன்.

அவள் தலை நிமிரவில்லை.

"சர்ச்சுல கூட்டம் எஸ்தரு" என்றாள். "அங்கதான் எடம் இருந்துச்சு."